பழைய மர வீட்டுக்காரர்களே, "உளுத்துப்போச்சு" என்று சொல்பவரிடம் கவனம்

பல நூற்றாண்டு பழைய மர வீடு ஒன்று உங்கள் பொறுப்பில் இருந்தால், அதைப் பழுதுபார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தால், வேலையைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டின் நல்ல உத்திரங்களைக் கெட்டுப்போனவை என்று சொல்லிக் கழற்றி வெளியில் விற்றுவிட்டார்கள். அவற்றுக்குப் பதிலாக வைத்த மரம் ஒரு வறண்ட பருவத்தைக்கூடத் தாண்டாமல் முறுக்கிக்கொண்டது. போதாததற்கு, சட்டகத்தின் அடியில் கிடையாக ஓடும் மரமான அடிச்சட்டத்தைச் சுற்றி சிமெண்ட் பூசி, அதையும் அழுக விட்டுவிட்டுப் போனார்கள்.

கூரையில் ஓர் ஒழுக்கு, மாடித் தளத்தில் ஒரு மூலை லேசாக இறங்கியிருந்தது. நாங்கள் கூப்பிட்டது இவ்வளவுக்குத்தான். வந்த நிறுவனம் பாரம்பரியக் கட்டடங்களில் கைதேர்ந்தவர்கள் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. மேற்பார்வையாளர் நேராக உத்திரத்தின் ஓரத்துக்குப் போய் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். பொலபொலவென்று மாவு கொட்டியது. "பாத்தீங்களா? உள்ள ஒண்ணுமே இல்ல. அடுத்த மழைக்குத் தாங்காது. இதுக்குக் கீழ பிள்ளைங்களப் படுக்க வைக்காதீங்க" என்றார். பிள்ளைகளைச் சொல்லிவிட்டால் எந்த வீட்டில்தான் மறுபேச்சு வரும்? அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

அவர் குத்தியது மரத்தின் வெளிறில். மரத்தின் வெளிச்சுற்று வெளிறு, நடுப்பகுதி வைரம். வண்டுப் புழுவுக்கு வேண்டிய சத்து பெரும்பாலும் வெளிறில்தான் இருக்கிறது. அதனால் பழைய உத்திரங்களின் ஓரங்களைப் புழு எப்போதோ தின்று தீர்த்திருக்கும். வைரம் உலர்ந்தே இருந்தால், உள்ளே அது பெரும்பாலும் கல் மாதிரி கெட்டியாக நிற்கும். பாரத்தைத் தாங்குவதும் அதுதான். பல தலைமுறைக்கு முன் செத்துப்போன புழுவின் மாவுகூட, ஓரத்தைத் தட்டினால் இன்றைக்கும் கொட்டும். ஆகவே மாவு கொட்டுவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

உயிருள்ள புழுவா, பழைய தடமா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. துளைகளின் விளிம்பைப் பாருங்கள். பழைய துளையின் விளிம்பு மங்கிக் கறுத்திருக்கும். புதியதில் மரத்தின் வெளிர்நிறம் தெரியும். சந்தேகமாக இருந்தால் துளைகள் உள்ள இடத்தில் மெல்லிய காகிதத்தை இறுக்கி ஒட்டி, தேதி எழுதி, வண்டு வெளியே வரும் பருவம் முடியும்வரை விட்டுவிடுங்கள். வண்டு உள்ளே இருந்தால் காகிதத்தைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வரும். உத்திரத்தின் உட்புறம் எவ்வளவு கெட்டி என்று அறிய, மெல்லிய ஊசி போன்ற துரப்பணத்தைச் செலுத்தி அது சந்திக்கும் எதிர்ப்பை வரைபடமாகத் தரும் கருவியே இருக்கிறது. அதைப் பற்றி அந்த நிறுவனம் வாயே திறக்கவில்லை.

மரம் என்றாலே வயதானால் உளுத்துவிடும் என்று நம்ப வைப்பதுதான் இவர்களின் முதல் பொய். சுவிட்சர்லாந்தின் ஷ்விட்ஸ் நகரில் பெத்லகேம் வீடு என்ற மர வீடு 1287-இலிருந்து நிற்கிறது. அமெரிக்காவின் டெடாம் நகரில் உள்ள ஃபேர்பேங்க்ஸ் வீட்டின் மரச்சட்டகம் 1637-க்கும் 1641-க்கும் இடைப்பட்டது. ஜப்பானின் நாரா அருகே உள்ள ஹோர்யூஜி புத்தக் கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் வீடு இல்லைதான், ஆனாலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் நடுத்தூணுக்கான மரம் 594-இல் வெட்டப்பட்டது. வயது ஏறியதால் மட்டும் மரம் விழுந்துவிடுவதில்லை. ஈரம் தங்கினால்தான் விழும். மரத்தின் ஈரப்பதம் தொடர்ந்து 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுக வைக்கும் பூஞ்சையால் அதில் வளர முடியாது.

இந்த வயதையெல்லாம் மர வளையங்களை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெட்டிய ஆண்டு துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் வேண்டும். அது இருப்பது வெளிறில். அதாவது, "கெட்டுப்போன ஓரம்" என்று இவர்கள் செதுக்கித் தள்ளும் அந்தப் பகுதியில்தான் வீட்டின் பிறந்த ஆண்டே இருக்கிறது. எங்கள் வீட்டில் மிஞ்சிய உத்திரங்களிலும் ஓரங்களைச் செதுக்கி மெஷின் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். வாய்ச்சி வெட்டின தடங்களும் அதோடு போயின. இனி அவற்றை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான்.

விற்ற கதைக்கு வருகிறேன். கழற்றிய உத்திரங்களைக் "கழிவு" என்று சொல்லி உடனே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். உளுத்த மரத்துக்கு எதற்கு இத்தனை அவசரம் என்று என் மனைவி அப்போதே கேட்டாள். "புழு மத்த மரத்துக்கும் பரவிடும்மா" என்று பதில் வந்தது. அப்புறம் பல மாதம் கழித்து, பழைய மரம் விற்கும் ஒருவரின் விளம்பரப் படங்களைத் தற்செயலாகப் பார்த்தேன். அந்தக் காலத் தச்சர்கள் கீழே வைத்துச் செதுக்கிப் பொருத்திப் பார்த்த பிறகு, மேலே ஏற்றும்போது வரிசை மாறாமல் இருக்க, ஒவ்வொரு உத்திரத்திலும் உளியால் ஒரு குறி வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் மிஞ்சிய உத்திரங்களின் குறிகளில் நடுவில் சில விடுபட்டிருந்தன. அந்த விடுபட்ட குறிகள், அதே கையின் வெட்டு, விளம்பரப் படத்தில் இருந்தன. அறுத்த முனையில் வைரம் பளபளவென்று தெரிந்தது. "நூற்றாண்டு கண்ட உறுதியான மரம்" என்பது விளம்பர வாசகம்.

நிறுவனத்திடம் கேட்டேன். அகற்றப்படும் கழிவு முழுவதும் நிறுவனத்துக்கே சேரும் என்று ஒப்பந்தத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். எது கழிவு என்று தீர்மானித்ததும் அவர்களே.

புதிதாக வைத்த மரத்தின் கதை இன்னும் மோசம். பழைய தச்சர்கள் பச்சை மரத்தை உபயோகித்தது உண்டு. ஆனால் அங்கே சட்டகம் முழுவதும் ஒன்றாக உலர்ந்து, ஒன்றாக இறுகும். பல நூற்றாண்டு உலர்ந்து அடங்கிய மரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு பச்சை உத்திரத்தைச் செருகினால் அது மட்டும் தனியாகச் சுருங்கும், முறுக்கும், கழுந்து (இன்னொரு மரத்தின் துளையில் பொருந்தும் முனை) துளையிலிருந்து நழுவும். எங்கள் வீட்டில் இது அப்படியே நடந்தது. நழுவியதை இரும்புத் தகடு போட்டு போல்ட் முடுக்கி மறைத்தார்கள். பழைய மரக் கட்டுமானங்களைப் பேணுவதற்கு ஐகோமாஸ் என்ற சர்வதேச அமைப்பு 1999-இல் கொள்கைகள் வெளியிட்டிருக்கிறது. கூடுமானவரை அதே இன மரம், பழைய கட்டுமானத்தோடு ஒத்துப்போகும் ஈரப்பதம், புது மரத்தைப் பின்னாளில் அடையாளம் காண அதில் ஒரு சிறு குறி என்று அது தெளிவாகவே சொல்கிறது. இதில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் நடக்கவில்லை.

சிமெண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிச்சட்டம் கல் மேல் உட்கார்ந்து காற்றோட்டமாக இருந்தது. "தண்ணி ஏறாம இருக்க" என்று அதைச் சுற்றி சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அடித்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அவ்வளவாக விடாது. விரிசல் வழியாக இறங்கிய மழைநீர் உள்ளேயே தங்கிவிட்டது. நார்வேயில் மண்ணில் தூண் நட்டுக் கட்டிய ஆதி மரத் தேவாலயங்கள் அடி அழுகிப் போய்விட்டன. கல் மேல் அடிச்சட்டம் வைத்து எழுப்பிய பொர்குண்ட் தேவாலயம் சுமார் 1180-இலிருந்து நிற்கிறது. அடியில் காற்று போவது அவ்வளவு முக்கியம்.

அப்படியே ஒரு மரம் உண்மையில் அழுகியிருந்தாலும் முழுசாக மாற்ற வேண்டியதில்லை. ஜப்பானியத் தச்சர்கள் தூணின் அழுகிய அடியை மட்டும் அறுத்து, புது மரத்தை நெளிவான இணைப்பால் பூட்டுகிறார்கள். நெட்சுகி என்று அதற்குப் பெயர். இப்போது எங்களுக்கு வேலை செய்யும் தச்சர் இந்த முறையில்தான் அடிச்சட்டத்தைச் சரிசெய்கிறார். சிமெண்ட்டை உடைத்தபோது, கைப்பிடி அகலத்துக்கு மேல் மரம் கூழாக இருந்தது. மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. அதை மட்டும் மாற்றுகிறார்.

வேலை கொடுக்கும் முன் ஒவ்வொரு உத்திரத்தையும் எல்லாப் பக்கமும், உளிக்குறிகள் உட்பட, படம் எடுத்து வையுங்கள். கழற்றும் எந்த மரமும் உங்கள் சொத்து, உங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மாற்ற வேண்டும் என்று சொல்பவரும் மாற்றும் வேலையை எடுப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். சோதனைக்கு வேறொருவரை வையுங்கள். மறுத்தால் ஆளை அனுப்பிவிடுங்கள்.

பழைய மரம் வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உளிக்குறி உள்ள உத்திரம் விற்பனைக்கு வந்தால், அது எந்த வீட்டிலிருந்து, யார் அனுமதியோடு வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். எங்கள் உத்திரங்களுக்காகப் புகார் கொடுத்திருக்கிறோம், விசாரணை நடக்கிறது. அவை எங்காவது முழுசாக இருந்தால் திரும்ப வாங்கிப் பழைய இடத்திலேயே பொருத்தத் தயாராக இருக்கிறோம்.