ஒரே கேள்வி, மூன்று வாசல்: சர்வதேச உறவுகளில் பி.எச்டி. எங்கே செய்வது?

பாம்பன் பக்கத்து மாணவி ஒருவர் போன மாதம் ஒற்றைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். எம்.ஏ. முடித்துவிட்டார், அடுத்து பி.எச்டி. தலைப்பு: பாக் நீரிணை மீனவர் பிரச்சினை ஏன் தீரவே மாட்டேன் என்கிறது? சித்தப்பாவின் விசைப்படகு பிடிபட்டு இலங்கையின் மயிலிட்டித் துறைமுகத்தில் கிடக்கிறது. அதனால் இந்தக் கேள்வி அவருக்குப் புத்தகத்தில் கிடைத்ததில்லை. “டெல்லியா, அமெரிக்காவா, ஸ்வீடனா, எங்க சார் அப்ளை பண்றது?” என்றார்.

இதைக் கேட்கிறவர்கள் வழக்கமாக ரேங்கிங்கையும் உதவித்தொகையையும் குளிரையும் பற்றித்தான் பேச எதிர்பார்ப்பார்கள். நான் சொன்னது வேறு. இந்தத் தாளை மூன்று இடத்திலும் கொடுத்தால் மூன்று விதமாகத் திருத்தித் தருவார்கள். எந்தத் திருத்தத்தோடு ஐந்து வருஷம் குடித்தனம் நடத்த முடியும் என்று முதலில் பாருங்கள், பணக் கணக்கை அப்புறம் போடலாம் என்றேன்.

நான் டெல்லியில் ஆய்வு செய்தவன். வட ஐரோப்பாவில் ஓராண்டு இருந்தேன். அமெரிக்காவை, அங்கே படித்து அங்கேயே வேலை தேடி அலைந்த நண்பர்கள் மூலமாகத்தான் தெரியும். என் சாய்வு எந்தப் பக்கம் என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

டெல்லி என்றால் முதலில் ஜவாஹர்லால் நேரு பல்கலையின் (ஜே.என்.யூ.) சர்வதேசக் கல்விப் புலம். 1955 இல் சப்ரு ஹவுஸில் தனி நிறுவனமாகத் தொடங்கி, 1970 இல் ஜே.என்.யூ.வோடு சேர்ந்தது. தெற்காசியா, மேற்காசியா, கிழக்காசியா, ரஷ்யாவும் மத்திய ஆசியாவும் என்று வட்டாரம் வட்டாரமாக மையங்கள் பிரிந்திருக்கும். அந்த வாசலில் நுழைந்ததும் நம் மாணவியின் தாள் ‘இந்திய இலங்கை உறவுகள்’ ஆகிவிடும். 1974 கச்சத்தீவு ஒப்பந்தம், 1976 ஒப்பந்தமும் அதையொட்டிய கடிதங்களும், நாடாளுமன்ற விவாதங்கள், வெளியுறவு அமைச்சக ஆண்டறிக்கைகள், ஓய்வுபெற்ற தூதர்களின் பேட்டிகள். இதில் ஒரு சுகம் இருக்கிறது. நாலு வருஷத்தில் அந்த இரண்டு நாடுகளின் விவகாரத்தில் உங்களை அசைக்க ஆள் இருக்காது.

ஆனால் டெல்லியிலிருந்து பார்த்தால் கடலில் இரண்டு அரசுகள்தான் தெரியும். போர் முடிந்து மறுபடி கடலுக்குப் போன யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்கள், தங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகும் இராமேஸ்வரத்து இழுவைப் படகுகளைப் பற்றிப் புலம்புகிறார்கள். இலங்கை 2017 இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. இருபுறமும் தமிழ் பேசும் இந்தச் சண்டை, டெல்லி ஆய்வேட்டில் பெரும்பாலும் அடிக்குறிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டெல்லிக்கு அரசாங்கத்தோடு நெருக்கம் அதிகம் என்பதும் காரணம். ஜெய்சங்கர் ஜே.என்.யூ.வில் முனைவர் பட்டம் பெற்றுத்தான் பிற்பாடு வெளியுறவு அமைச்சரானார். அவருடைய அப்பா, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம், இந்தியாவின் பாதுகாப்புச் சிந்தனையில் பெரிய பெயர். ஆனால் அவர் பேராசிரியர் இல்லை, ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1965 இல் தொடங்கிய பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தை இருமுறை தலைமையேற்று நடத்தினார். நம் ஊரில் இந்தத் துறையின் நாற்காலி வகுப்பறையைவிட செக்ரட்டேரியட் பக்கம்தான் எப்போதும் நெருங்கிக் கிடந்திருக்கிறது. விடுதி அறையில் நம் பக்கத்துக் கட்டில்காரர் யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடத்துக்கு நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தால் ஆச்சரியப்படக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, நெட் தேர்வில் மேல் மதிப்பெண் எடுப்பவர்களுக்கு அரசு தரும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், மூத்த நிலைக்குப் போனால் 42,000, கூடவே வீட்டு வாடகைப்படி. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மத்தியப் பல்கலையில் சேர்ந்தால் 8,000 ரூபாய். டெல்லிக்குப் போவதா வேண்டாமா என்பது இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் முடிவாகிறது. 8,000 ரூபாயில் விடுதி கிடைத்தால் ஓட்டலாம், கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போன் போட வேண்டியதுதான். எனக்கு ஒருமுறை உதவித்தொகை ஐந்து மாதம் வரவில்லை. பல்கலையின் பெயர் வேண்டாம். ஒரு படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தது, கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போயிருந்தார். அந்த ஐந்து மாதமும் சண்டைகளின் காரணங்களைப் பற்றி மிகத் தெளிவாகச் சிந்தித்தேன்.

சரி, அமெரிக்கா. அங்கே சர்வதேச உறவுகள் பெரும்பாலும் தனித் துறை கிடையாது, அரசியல் அறிவியலின் ஒரு கிளை. முதல் இரண்டு வருஷம் பாடம், அதில் புள்ளியியல் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அப்புறம் விரிவுத் தேர்வு, அதற்கப்புறம்தான் ஆய்வு. மொத்தம் ஐந்து முதல் ஏழு வருஷம். மீனவர் தாளைப் பார்த்ததும் அங்குள்ள நெறியாளர் கேட்கும் முதல் கேள்வி, “இது எதற்கு உதாரணம்?” என்பது. பாக் நீரிணையைத் தூக்கி ஐஸ்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடந்த காட் மீன் சண்டைகளுக்குப் பக்கத்தில் வைப்பார். 1958 முதல் 1976 வரை மூன்று சுற்று. இரண்டும் ஜனநாயக நாடுகள், இரண்டும் நேட்டோ உறுப்பினர்கள், ஆனாலும் கப்பலோடு கப்பல் மோதிக்கொண்டார்கள். ஜனநாயக நாடுகள் ஒன்றோடொன்று போருக்குப் போவதில்லை என்ற வாதத்தைச் சோதிக்க அமெரிக்க வகுப்பறைகளுக்கு இது பிடித்தமான எடுத்துக்காட்டு.

இன்னொன்றும் இருக்கிறது. டேவிட் சிங்கர் 1963 இல் மிச்சிகன் பல்கலையில் தொடங்கிய ‘போர்த் தொடர்புகள்’ திட்டம் அரசுகளுக்கிடையே நடந்த படைத் தகராறுகளை 1816 லிருந்து எண்ணி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் மீன்பிடிப் படகைப் பிடித்ததும் தகராறாக ஏறும், படகுக்குச் சொந்தமான நாடு அரசாங்க அளவில் எதிர்ப்புத் தெரிவித்தால். அதாவது சித்தப்பாவின் படகு ஒரு வரிசையில் ஓர் எண்ணாக மாறலாம், டெல்லி கண்டனக் கடிதம் எழுதியிருந்தால் மட்டும். எழுதாவிட்டால் அந்தப் படகு பிடிபடவே இல்லை. இதைச் சொன்னதும் மாணவி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இதைக் குறையாக மட்டும் பார்க்க முடியாது. நம் ஊர்ச் சண்டையை உலகில் யாருமே காணாத அதிசயமாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. ஐஸ்லாந்தைப் பக்கத்தில் வைத்ததும் அந்தப் பழக்கம் போய்விடுகிறது. 

அமெரிக்காவில் சம்பளம் பல்கலைக்குப் பல்கலை மாறும், கட்டணம் தள்ளுபடியாகும், சிக்கனமாக இருந்தால் சமாளிக்கலாம். எனக்குப் பயம் அதற்கப்புறம்தான். வேலைக்கு அழைத்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ வளாகத்தில் வைத்திருப்பார்கள். முக்கால் மணி நேர உரை, ஒவ்வொரு பேராசிரியரோடும் அரைமணிப் பேச்சு, மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, எல்லாமே நேர்காணல்தான். என் நண்பர் ஒருவர் ராச்சாப்பாட்டில் முள்கரண்டியோடு போராடிக்கொண்டே அணு ஆயுதக் கொள்கைக்குப் பதில் சொன்ன கதையை இன்றும் சொல்வார். வேலை கிடைத்தாலும் ஆறாவது வருஷம் நிரந்தரமாக்குவார்களா என்று ஒரு கத்தி தலைக்குமேல் தொங்கும். போதாக்குறைக்கு, 2008 இல் தொடங்கிய மினர்வா என்ற பென்டகன் நிதித் திட்டம் சமூக அறிவியலில் போர், பயங்கரவாத ஆய்வுகள் பலவற்றுக்குப் படியளந்துகொண்டிருந்தது. 2025 இல் அதை நிறுத்திவிட்டார்கள். விசா நிலவரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வருஷம் முன்பு கேட்டிருந்தால் அமெரிக்காவை முதலிடத்தில் வைத்திருப்பேன். இப்போது மனம் வரவில்லை.

ஸ்வீடனில் உப்சாலா பல்கலையின் அமைதி, மோதல் ஆய்வுத் துறை 1971 இல் தொடங்கியது. பக்கத்து நாட்டில் ஆஸ்லோ அமைதி ஆய்வு நிறுவனம், 1959 இல் யோஹன் கால்டுங் முன்னின்று உருவாக்கியது. இரண்டும் சேர்ந்து 1946 முதலான ஆயுத மோதல்களின் பட்டியலை உருவாக்கின. இன்று செய்தித்தாளில் ‘உலகில் இத்தனை போர்கள் நடக்கின்றன’ என்று படித்தால், அந்த எண் பெரும்பாலும் உப்சாலா வழியாக வந்திருக்கும். அவர்களுடைய கோடு 25. ஒரு காலண்டர் ஆண்டில் மோதலில் குறைந்தது 25 பேர் இறந்தால்தான் அது ஆயுத மோதல், 1,000 என்றால் போர்.

நம் மாணவியின் தாள் இங்கே உடனே இடிக்கும். இன்றைய பாக் நீரிணையில் கைது, படகுப் பறிமுதல், வலை அறுப்பு, கல்லெறி எல்லாம் இருக்கிறது, சில சமயம் சாவும் உண்டு, ஆனால் 25 வராது. அப்படியானால் பட்டியலில் அந்தக் கடல் கிடையாது. ஆனால் துறை வாசலை மூடிவிடாது. ஆயுத மோதல் இல்லையென்றால் பேச்சுவார்த்தையைப் பாருங்கள் என்பார்கள். மத்தியஸ்தம்தான் அந்த ஊரின் பழைய பலம். 2014 இல் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் சென்னையிலும் கொழும்பிலும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். யார் யார் உட்கார்ந்தார்கள், என்ன ஒப்புக்கொண்டார்கள், கரைக்குத் திரும்பியதும் அது ஏன் நிற்கவில்லை? தாளின் கேள்வி இப்படித் திரும்பி வந்திருந்தால் எனக்குச் சந்தோஷம். யாழ்ப்பாணத்து மீனவர் அடிக்குறிப்பிலிருந்து மேலேறி மேசைக்கு வந்துவிடுகிறார்.

எண்ணுவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. உப்சாலாவின் தரவில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் மூன்று எண் இருக்கும்: குறைந்தபட்சம், சிறந்த மதிப்பீடு, அதிகபட்சம். ஒரு செய்தி நிறுவனம் 12 என்கிறது, இராணுவம் 30 என்கிறது, கிராமத்தார் 7 என்கிறார்கள். யார் சொன்னது, அவருக்கு என்ன லாபம், வேறு யாரும் உறுதி செய்தார்களா என்று பார்த்துப் பார்த்து அந்த மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும். அப்புறம் வகை. இரண்டு தரப்பும் சுட்டுக்கொண்டதில் நடுவே மாட்டி இறந்த பொதுமக்கள் ஒரு வகை, வேண்டுமென்றே குறிவைத்துக் கொல்லப்பட்டவர்கள் இன்னொரு வகை. மருத்துவமனைமீது விழுந்த ஷெல் எந்த வகை? 2009 முள்ளிவாய்க்காலை நினைத்துக்கொண்டு இந்த விதிப்புத்தகத்தைப் படித்தபோது எனக்குக் கை ஓடவில்லை. 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டைத் தள்ளிவிட முடியாது என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011 இல் சொன்னது. இலங்கை அரசு அதை ஏற்கவில்லை. குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில் யாருடைய ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தவருக்கு இந்த வேலை கஷ்டம். அப்படிப்பட்டவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்றும் சில நாள் தோன்றும், கூடவே கூடாது என்று சில நாள்.

வாழ்க்கை என்று பார்த்தால் ஸ்வீடன்தான் சுகம். அங்கே பி.எச்டி. மாணவர் ஊழியர். மாதச் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியக் கணக்கு, பிள்ளை பிறந்தால் பேறுகால விடுமுறை. ஆய்வு நாலு வருஷம், பாடம் எடுத்தால் ஐந்தாகும். முடிந்ததும் ஒரு சடங்கு. பொது விவாதத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஆய்வேட்டில் ஓட்டை போட்டு, சுத்தியல் எடுத்து ஆணி அடித்துச் சுவரில் மாட்டுவார்கள். ஒருமுறை பார்த்தேன். ஆணி வளைந்துவிட்டது, மாட்டியவர் ஸ்வீடிஷில் ஏதோ திட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள்.

இதற்கும் விலை உண்டு. இடங்கள் கை விரலுக்குள் அடங்கும், வேலை விளம்பரமாக வரும், உலகமே விண்ணப்பிக்கும். அமெரிக்காபோல் பி.ஏ.வோடு நேரே போக முடியாது, முதுநிலை வேண்டும். அதை ஸ்வீடனிலேயே படிக்கலாம் என்றால் 2011 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் உண்டு. முடித்த பிறகு அங்கேயே பாடம் நடத்த வேண்டுமென்றால் ஸ்வீடிஷ் தெரியாமல் பல கதவுகள் திறக்காது. 

பிரிட்டனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1919 இல் இந்தத் துறைக்கு உலகின் முதல் பேராசிரியர் இருக்கையை அமைத்தது வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலை, பெருமைதான். ஆனால் உதவித்தொகை இல்லாமல் சொந்தக் காசில் பிரிட்டனில் பி.எச்டி. வேண்டாம். வீட்டை அடமானம் வைத்து வாங்கும் பட்டமில்லை இது. சிங்கப்பூர் நன்யாங் பல்கலையில், யாழ்ப்பாணத்தில் பிறந்து அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரான எஸ். ராஜரத்தினத்தின் பெயரிலேயே ஒரு கல்வி நிலையம் இருக்கிறது. தென்கிழக்காசியாவை ஆராய்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். நம் மாணவியின் கடல் அங்கிருந்து கொஞ்சம் தூரம்.

ஊருக்குத் திரும்பி வேலை பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பணியிடம் ‘அரசியல் அறிவியல்’ என்றோ ‘பொது நிர்வாகம்’ என்றோதான் வரும். ‘சர்வதேச உறவுகள்’ என்று வருவது அபூர்வம். ‘அமைதி, மோதல் ஆய்வு’ என்ற பட்டத்தோடு போனால், இது தொடர்புடைய பாடம்தானா என்று சான்றிதழ் சரிபார்ப்பு மேசையிலேயே கேட்பார்கள். எம்.ஏ. அரசியல் அறிவியலாக இருப்பதும், கையில் நெட் இருப்பதும் அந்த மேசையில் உதவும். உதவிப் பேராசிரியராக உள்ளே நுழைந்துவிட்டால் ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய்.

என் வரிசை இது: ஸ்வீடனோ நார்வேயோ கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். ஜே.ஆர்.எஃப். இருந்தால் டெல்லி, ஆனால் வருஷத்துக்கு இரண்டு மாதம் இராமேஸ்வரத்திலும் யாழ்ப்பாணத்திலும் இருக்க நெறியாளர் ஒப்புக்கொண்டால் மட்டும். புள்ளியியலில் உண்மையாகவே ருசி இருந்தால் அமெரிக்கா, விசாவைக் கடவுளிடம் விட்டுவிட்டு. ஜே.ஆர்.எஃப். இல்லாத டெல்லியா, ஒரு வருஷம் பொறுத்து மறுபடி நெட் எழுதுவதா என்றால் எழுதுவது மேல்.

மாணவி நெட்டுக்குப் படிக்கிறார், உப்சாலா விளம்பரத்துக்கும் காத்திருக்கிறார். போன வாரம் தாளைத் திருத்தி அனுப்பியிருந்தார். தலைப்பில் ‘ஏன் தீரவே மாட்டேன் என்கிறது’ போய்விட்டது. முதல் வரி 2014 சென்னைப் பேச்சுவார்த்தை அறையில் தொடங்குகிறது. இரண்டாம் பத்தியில் மயிலிட்டி வந்துவிட்டது, சித்தப்பாவின் படகு எண்ணோடு. அந்த எண்ணை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.