வெளிநாட்டுப் பார்சலும் கூரியரின் கையாளுதல் கட்டணமும்: ஒரு வயலின் ஆசிரியரின் நீண்டகால அனுபவம்

மதுரையில் வயலின் கற்பித்து வரும் நான், வியன்னாவிலும் ஜெர்மனியிலும் தயாராகும் தந்திகளைக் கூரியர் வழியாக வரவழைப்பதை ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வருவதற்கு முன்பிருந்தே வழக்கமாக வைத்திருக்கிறேன். இந்த ஆண்டுகளில் சுங்க வரி விகிதம் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறது. அந்த வரியைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. அது அரசின் அறிவிக்கையில் அச்சாகியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் படித்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ரசீதில் சுங்கத் தொகைக்குக் கீழே கூரியர் நிறுவனம் தன் பங்குக்குச் சேர்க்கும் கையாளுதல் கட்டணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பொருளை வாங்கும்போது கண்ணில் படாமல், பார்சல் வாசலுக்கு வரும்போது மட்டும் தெரிகிற கட்டணம் அது.

முதலில் அது எதற்காக வாங்கப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். விரைவுக் கூரியரில் மதுரைக்கு வரும் பார்சல், சென்னை, பெங்களூரு போன்ற பெருநகர விமான நிலையம் ஒன்றின் கூரியர் முனையத்தில் சுங்கச் சோதனையை முடித்துக்கொண்டு, அங்கிருந்து இங்கே வந்து சேர்கிறது. அந்த முனையத்தில் நம் சார்பில் இறக்குமதிப் பட்டியலைத் தாக்கல் செய்வதும், வரியைச் சுங்கத்துறைக்குச் செலுத்துவதும் கூரியர் நிறுவனமே. 2010-ஆம் ஆண்டின் கூரியர் இறக்குமதி ஏற்றுமதி ஒழுங்குமுறைகள், பொருளைப் பெறுபவரிடம் இதற்கான அதிகாரத்தைக் கூரியர் நிறுவனம் பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. ஆதார் நகலைப் பதிவேற்றும் கே.ஒய்.சி. பக்கத்தில் நாம் ஒப்புக்கொள்வதில் இந்த அதிகாரமும் அடங்கியிருக்கும் என்பதால், அந்தப் பக்கத்தைப் படிக்காமல் யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம்.

கட்டணம் பொதுவாக "வரித் தொகையில் இத்தனை சதவீதம் அல்லது இத்தனை ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது" என்ற வடிவில் இருக்கிறது. சிறிய பார்சலை நசுக்குவது இந்தக் குறைந்தபட்சத் தொகைதான். தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விளக்குவதற்காக 2 சதவீதம் அல்லது 750 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்கம் 10 சதவீதம், அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, இவற்றையும் சேர்த்த தொகையின் மீது 28 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிப் பொருளுக்கான ஜி.எஸ்.டி.) என்று இருந்த காலத்தில், சொந்தப் பயன்பாட்டுப் பொருளுக்கு மொத்தம் 42.08 சதவீதம் வந்தது. அடிப்படைச் சுங்கம் 35 சதவீதமாக இருந்தபோது அதே கணக்கு 77.28 சதவீதத்தைத் தொட்டது. குறைந்த விகிதத்தையே எடுத்துக்கொண்டால், 6,000 ரூபாய் மதிப்புள்ள பார்சலுக்கு வரி 2,524 ரூபாய் 80 காசு. அதில் 2 சதவீதம் 50 ரூபாயைச் சற்றே தாண்டும். ஆனால் கேட்கப்படுவது 750 ரூபாயும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 135 ரூபாயும். இந்த விகிதத்தில் 2 சதவீதம் 750 ரூபாயை எட்ட வேண்டுமானால் பார்சலின் மதிப்பு ஏறத்தாழ 89,000 ரூபாயாக இருக்க வேண்டும். அதுவரை சதவீதம் என்ற சொல் விலைப்பட்டியலில் இருக்கிறதே தவிர, யாருக்கும் பயன்படுவதில்லை. ஒரு மாணவிக்கு ஒரு செட் தந்தி வாங்கும் பெற்றோரும், விலை உயர்ந்த கேமரா வாங்குபவரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள்.

இதில் என்னை உண்மையிலேயே வருத்துவது தொகையின் அளவைக் காட்டிலும், அதைச் செலுத்துபவருக்குத் தேர்வே இல்லை என்பதுதான். கூரியரைத் தேர்ந்தெடுப்பவர் வெளிநாட்டுக் கடைக்காரர். அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ளவரும், தள்ளுபடி பெறுபவரும் அவரே. பொருளைப் பெறுபவர் அந்த நிறுவனத்திடம் எதையும் கேட்டதில்லை. சட்டப்படி நாமே ஒரு சுங்கத் தரகரை அமர்த்திக்கொள்ள இடமுண்டு என்றாலும், ஒரு தந்திப் பொட்டலத்துக்காக மதுரையில் இருந்துகொண்டு அதைச் செய்ய யாராலும் ஆகாது. நமக்காக முன்பணம் கட்டுவதற்கான ஊதியமே இந்தக் கட்டணம் என்று வாடிக்கையாளர் சேவையில் விளக்கம் தருகிறார்கள். அப்படியானால், குறுஞ்செய்தியில் வந்த இணைப்பில் நானே வரியை முன்கூட்டிச் செலுத்திய பிறகும் ஒரு நிறுவனம் அதே கட்டணத்தை முழுமையாக வாங்கியது ஏன் என்று எழுதிக் கேட்டேன். விலைப்பட்டியலின் நகலை அனுப்பினார்கள். கேள்விக்குப் பதில் வரவில்லை. அவர்கள் செய்யும் வேலைக்கு ஊதியம் கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டியல் தாக்கல் செய்வது உண்மையான வேலை. அதற்கு ஆளும் நேரமும் செலவாகின்றன. ஆனால் முன்பணம் என்ற பெயரில் வாங்குவதானால், முன்பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் பார்சல் கொண்டுவரும் இளைஞரிடம் இதற்காக வாதிடுவதில் பயனும் இல்லை, நியாயமும் இல்லை. கேட்க வேண்டியது இரண்டு தாள்களை. ஒன்று, சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யப்பட்ட கூரியர் இறக்குமதிப் பட்டியலின் நகல். மற்றொன்று, கூரியர் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ். முதல் தாளில் பொருளின் மதிப்பு, வகைப்பாட்டு எண், ஒவ்வொரு வரியின் தொகை ஆகியவை தனித்தனியாக இருக்கும். வரி கணக்கிடப்படும் மதிப்பில் பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேரும். அனுப்பும் செலவை உறுதிசெய்ய வழியில்லாதபோது பொருள் விலையில் 20 சதவீதமும், காப்பீட்டுக்கு 1.125 சதவீதமும் எடுத்துக்கொள்கிறார்கள். கடைக்காரர் இலவசமாக அனுப்புகிறார் என்பதால் வரி குறைந்துவிடும் என்று எண்ணியிருக்க வேண்டாம். இரண்டாம் தாளில்தான் கையாளுதல் கட்டணமும், கிடங்கு வாடகை இருந்தால் அதுவும் தெரியும். ஒருமுறை வாடகை என்று ஒரு தொகை சேர்க்கப்பட்டிருந்தது. பார்சல் முனையத்தில் தேங்கியதற்குக் காரணம், கே.ஒய்.சி. இணைப்பை அந்த நிறுவனமே காலந்தாழ்த்தி அனுப்பியதுதான். மின்னஞ்சல்களின் தேதிகளை வரிசையாகக் காட்டி எழுதியவுடன் அந்தத் தொகையை நீக்கிவிட்டார்கள். எழுத்தில் கேட்டதால் கிடைத்தது. தொலைபேசியில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நிறுவனம் அசையாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது என்பதால், கூரியர் நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருக்கிறது என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

பழுதான பொருளுக்கு மாற்று அனுப்பும்போதும் கட்டணம் மறுபடியும் விழுகிறது. கடைக்காரர் காசு வாங்காமல் அனுப்பினாலும் பொருளுக்கு மதிப்பு உண்டு என்பதால் சுங்கம் அதற்கு வரி விதிக்கும். கூரியரும் புதிய பார்சலாகவே கணக்கெழுதும். அன்பளிப்பு என்று எழுதுவதும் கைகொடுக்காது. 2019 டிசம்பருக்குப் பிறகு, ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் நீங்கலாக, அஞ்சலிலோ கூரியரிலோ வரும் அன்பளிப்புக்கு வரிவிலக்கு இல்லை.

இங்கிருந்து பிரிட்டனுக்குச் சென்று குடியேறிய பழைய மாணவர்களுக்கு நான் எப்போதாவது சுங்குடிச் சேலை அனுப்புவதுண்டு. அங்கே 39 பவுண்டுக்கு உட்பட்ட அன்பளிப்புக்கு வாட் வரி கிடையாது. அதைத் தாண்டி வரி விழும் பார்சலுக்கு, அந்நாட்டு அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில் நெடுங்காலமாக 8 பவுண்டு கையாளுதல் கட்டணம் வாங்கி வருகிறது. அதுவும் சிறிய பார்சலுக்குச் சுமைதான். ஆனாலும் தொகை எல்லோருக்கும் முன்பே தெரிந்த ஒன்று என்பதால், அனுப்பும் நான் இங்கிருந்தே அதைச் சொல்லிவிட முடிகிறது. நம் ஊரில் கூரியர் நிறுவனங்கள் இந்த ஒன்றைச் செய்தாலே, கே.ஒய்.சி. கேட்கும் அதே செய்தியில் கையாளுதல் கட்டணத்தையும் ரூபாயில் குறிப்பிட்டாலே, என் குறையில் பாதி தீர்ந்துவிடும்.

அவசரமில்லாத பொருளுக்கு அஞ்சல் வழியே இன்றும் என் முதல் விருப்பம். வெளிநாட்டு அஞ்சல் சென்னையின் அயல்நாட்டு அஞ்சலகத்தில் மதிப்பிடப்பட்டு, வரிச்சீட்டோடு நம் பகுதி அஞ்சலகத்துக்கு வருகிறது. பார்சலைக் கொடுக்கும்போது தொகையை வாங்கிக்கொள்கிறார்கள். மேற்கட்டணம் கூரியரோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது. ஆனால் காத்திருக்க வேண்டும், சில சமயம் மிகவும் காத்திருக்க வேண்டும். கச்சேரிக்கு முன் தந்தி அறுந்துவிட்டவருக்கு அது உதவாது. பல மாணவர்களுக்குச் சேர்த்து ஒரே பார்சலாக வரவழைத்தால் கட்டணம் ஒருமுறையே விழும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணிக்கை கூடினால் இது சொந்தப் பயன்பாடா வணிகமா என்ற கேள்வி சுங்கத்தில் எழும். வணிகம் என்றால் இறக்குமதியாளர் குறியீட்டு எண் வேண்டும். இரண்டு மூன்று செட்டுக்கு மேல் நான் சேர்ப்பதில்லை.

போலிக் குறுஞ்செய்திகள் பெருகிவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டணம் கேட்டு வரும் இணைப்பை அழுத்தாமல், பார்சல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

அண்மைக் காலமாக நான் பின்பற்றுவது, ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே வரியும் கையாளுதல் கட்டணமும் விலையிலேயே அடங்கும்படி அனுப்ப முடியுமா என்று கடைக்காரரைக் கேட்பது. டி.டி.பி. என்று சொன்னால் ஐரோப்பியக் கடைகளுக்கு உடனே புரிகிறது. எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை, ஒப்புக்கொண்ட ஒரு கடை கேட்ட தொகை, முன்பு நான் இங்கே தனியாகக் கட்டிவந்ததைவிடப் பெரிதாகக் குறையவும் இல்லை. ஆயினும் மாணவியின் பெற்றோரிடம் தந்தி இன்ன விலை என்று ஆர்டர் கொடுக்கும் அன்றே சொல்ல முடிகிறது. பிறகு அதே பொருளுக்காக அவர்களிடம் இரண்டாம் முறை பணம் கேட்க வேண்டியிருப்பதில்லை.