நேரோபோட் வாங்கலாமா? முதலில் மெத்தையைப் பற்றிப் பேசுவோம்

லண்டனில் வாடகை கட்டி அலுத்துப்போன நண்பன் ஒருவன், "பேசாமல் நானும் உன்னை மாதிரி ஒரு படகு வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டான். பிரிட்டன் கால்வாய்களில் ஓடுகிற ஒடுக்கமான இரும்புப் படகுதான் நேரோபோட், நான் குடியிருப்பது அதில்தான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. ஜன்னல் ரிப்பேருக்கு அப்போதுதான் பணம் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை அதே ஜன்னலுக்குக் கீழே மறுபடியும் பழைய துண்டை விரிக்க வேண்டியிருந்தது.

எஞ்சின் பராமரிப்பு, கழிவறைப் பெட்டியை எங்கே கொட்டுவது, 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது என்ற விதி, இதெல்லாம் யூடியூப் முழுக்கக் கிடக்கிறது. அவற்றுக்குப் பழகிவிடலாம். எனக்குப் பழகாதது ஈரம். மழை ஈரத்தைச் சொல்லவில்லை, உள்ளேயே உண்டாகிற ஈரத்தைச் சொல்கிறேன்.

யாரையாவது திட்ட வேண்டுமென்றால் கால்வாய் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லியிலிருந்து தொடங்கலாம். 18ஆம் நூற்றாண்டில் டிரென்ட்-மெர்சி கால்வாய்க்கு அவர் வைத்த லாக்குகள், அதாவது படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள், சுமார் 7 அடி அகலம். இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸின் கால்வாய்கள் பலவற்றுக்கும் அதே அளவுதான். அதனால் இன்றைக்கும் நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். உள்ளே பலகை அடித்த பிறகு கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட இடமே கிடையாது. மெத்தை பக்கச் சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும். பலகைக்குப் பின்னால் இருப்பது இரும்பு, அதற்கு அந்தப் பக்கம் ஜனவரிக் குளிர். ராத்திரி முழுக்க நாம் விடுகிற மூச்சு அங்கே போய்த் தண்ணீராகிறது. மெத்தையைத் தூக்கினால் அடியில் கரும்பூஞ்சை.

சமையல் இன்னொரு வம்பு. கேஸ் எரிந்தாலே நீராவி வரும், அதன்மேல் இட்லிப் பானையை வேறு ஏற்றினால் எல்லா ஜன்னலிலும் தண்ணீர் கோடு போட்டு இறங்கும். குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை அடைக்கவும் கூடாது. நிலக்கரி அடுப்பு எரிகிற இடத்தில் அது கார்பன் மோனாக்சைடுக்கு வாசல் திறந்துவிடுகிற வேலை.

இப்போது ஜன்னலை ரிப்பேர் செய்த அந்தப் படகுப் பட்டறை. ஜன்னல் ஒழுகுகிறது, ரப்பர் போய்விட்டது என்றார்கள். ரப்பர் காய்ந்துதான் இருந்தது, வேலையும் சுத்தமாகவே செய்தார்கள். ஆனால் மழையே பெய்யாத வாரத்திலும் ஈரம் இருக்கிறது என்று நான் படித்துப் படித்துச் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அலுமினியச் சட்டம் குளிர்ந்தால் அதில் ஈரம் படியும். புது ரப்பர் அதற்கு என்ன செய்யும்?

உருப்படியாக உதவியது ஒரு மலிவான சாமான்: ஜன்னலின் உள்பக்கம் காந்தப் பட்டையில் ஒட்டும் அக்ரிலிக் தகடு. கழற்றி மாட்டலாம். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக வலை விரிப்பு போட்ட பிறகு பூஞ்சையும் குறைந்தது, ஒழியவில்லை. ஈரம் உறிஞ்சும் மெஷினைப் பலர் சிபாரிசு செய்வார்கள். கரையில் மின் இணைப்பு இருக்கிறவர்களுக்குச் சரி. டிசம்பரில் கூரை மேலிருக்கும் சோலார் தகடு எனக்கு போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தாலே பெரிய விஷயம்.

நிலக்கரி அடுப்பை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அதன் தலையில் உட்கார்ந்து சூட்டிலேயே சுற்றும் சின்ன விசிறிக்குக் கரண்டே வேண்டாம். என்ன, முன்னறையில் சித்திரை, பின்னால் படுக்கையறையில் மார்கழி. கால்வாய் உறைந்துவிட்டால் நகரவும் முடியாது. உடைகிற பனி அடிப்பாகத்தின் தார்ப்பூச்சைச் சுரண்டிவிடும், பக்கத்தில் ஃபைபர் படகு நின்றால் அதற்கும் சேதம்.

ஜூன் மாதக் கதை வேறு. இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம். வேக வரம்பே மணிக்கு 4 மைல்தான், அவசரப்பட்டுப் பயனில்லை. வேல்ஸில் 1805இல் திறந்த பான்ட்கசல்ட்டே நீர்ப்பாலத்தில், அதாவது கால்வாயையே பள்ளத்தாக்குக்கு மேலே கொண்டுபோகிற பாலத்தில், படகோட்டிப் போயிருக்கிறேன். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும், மறுபக்கம் ஒன்றுமே இல்லை, கீழே 38 மீட்டர் பள்ளம். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் வீட்டை விற்றாவது படகு வாங்கு என்று சொல்லியிருப்பேன்.

சரி, வாங்கலாமா? வேண்டாம் என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன். "அப்போ நீ விற்கிறாயா?" என்றான். இல்லை என்றேன். அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பேச்சைக் கேட்கவே மாட்டேன், வாங்கித்தான் தீருவேன் என்றால், வெயில் காலத்தில் போய்ப் பார்க்காதீர்கள். ஜனவரியில், காலை எட்டு மணிக்குள் போங்கள். குளிரைத் தடுக்கச் சுவருக்கும் கூரைக்கும் ஸ்ப்ரே ஃபோம் அடித்திருக்கிறதா, வெறும் தெர்மோகோல் அட்டையா என்று கேளுங்கள். ஃபோம் என்றால் மேற்கொண்டு பேசலாம். அப்புறம் விற்பவர் டீ போட உள்ளே திரும்பும்போது அந்த மெத்தையைத் தூக்கிப் பாருங்கள்.