கொடை மேடைக்கு எந்த ஆம்ப்: வால்வா, கட்டானாவா, ஜாஸ் கோரஸா?

சித்திரைக் கொடைகள் (கோயில் திருவிழாக்கள்) தொடங்கும் முன், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பை மாற்றிவிட்டேன். ஆறு வருடமாக மேடையேறிய 40 வாட்ஸ் வால்வு காம்போ (கண்ணாடி வால்வில் ஓடும் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) வீட்டு மூலைக்குப் போனது. அதன் இடத்துக்கு பாஸ் நிறுவனத்தின் கட்டானா 100 வந்தது. எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில், "உம்ம கிட்டார்ல உருப்படியா இருந்தது அந்த ஆம்ப் ஒண்ணுதான்வே, அதையும் தூக்கிட்டீரு" என்றார்.

சவுண்டை மட்டும் வைத்துப் பேசினால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நாகர்கோவிலைச் சுற்றி அம்மன் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று வருடத்துக்கு நாற்பது ஐம்பது மேடை ஏறுகிறவனுக்கு வேறு கணக்குகளும் இருக்கின்றன.

வாட்ஸ் கணக்கை முதலில் முடித்துவிடலாம். கடையில் அதைத்தான் முதலில் சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் அதை நம்பி வாங்கியவன்தான். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் நடுவில் இருப்பது அந்த 3 டெசிபல்தான். கொஞ்சம் நல்ல ஸ்பீக்கர் போட்டாலே அது கிடைத்துவிடும்.

டிரம்ஸ் முழு வேகத்தில் போகும்போது கிட்டார் சத்தம் கரகரப்பாக உடையாமல் கிளீனாக நிற்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சினிமாப் பாட்டு வாசிக்கிற குழுவுக்கு, ராக் பேண்டைவிட இது முக்கியம். 80-களின் மெலடியில் வரும் ஆர்பெஜியோவில் (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டுவது) ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக விழ வேண்டும். 15 வாட்ஸ் வால்வு ஆம்ப், உதாரணத்துக்கு ஃபெண்டர் புளூஸ் ஜூனியர், டிரம்ஸுக்கு மேல் ஏறும் முன்பே கரகரக்கத் தொடங்கும். புளூஸ் வாசிக்கிறவருக்கு அந்தக் கரகரப்புதான் சுகமே. எங்களுக்கு ஆகாது.

கடையில் தனியாக வாசித்தால் எந்த ஆம்ப்பும் சத்தமாகத்தான் இருக்கும். முடிந்தால் ஒரு நாள் ரிகர்சலுக்குக் கேட்டு வாங்குங்கள். கிளீன் சேனல், கிட்டார் வால்யூம் முழுசு, டிரம்ஸின் ஸ்நேருக்கு மேல் உங்கள் கார்டு (சேர்த்துத் தட்டும் சுரங்கள்) கேட்கும் வரை ஏற்றுங்கள். அதற்கு முன்பே உடைந்தால் அது வீட்டுக்கான ஆம்ப். தரையில் வைத்துக் கேட்கவும் கூடாது, முழங்காலுக்குக் காது கிடையாது. பிளாஸ்டிக் சேரில் ஏற்றி லேசாகச் சாய்த்து வையுங்கள். 12 இன்ச் ஸ்பீக்கரின் கூர்மையான சத்தம் நேர் முன்னால்தான் பாயும். நமக்கு மந்தமாக இருக்கிறதே என்று டிரெபிளை ஏற்றுவோம், முன்வரிசைத் தாத்தா காதைப் பொத்திக்கொள்வார்.

இனி கரண்டுக்கு வருகிறேன். நான் ஆம்ப்பை மாற்றியதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

கொடை மேடைக்குக் கரண்டு ஜெனரேட்டரில் இருந்து வரும். தெரு முழுக்கக் கட்டிய சீரியல் செட், ஆர்ச் லைட், ஃபோகஸ் லைட், யாரோ ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்காரர் நைசாக இழுத்த ஒயர் எல்லாம் அதே ஜெனரேட்டரில்தான். லோடு ஏறினால் வோல்டேஜ் விழும். ஒரே நேரத்தில் பாதி லைட்டை அணைத்தால், ஜெனரேட்டர் சுதாரிப்பதற்குள் வோல்டேஜ் எகிறும். வால்வு ஆம்ப்புக்குள் பவர் வால்வுக்கு 400 வோல்ட்டை ஒட்டி டிசி போகும், வால்வைச் சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ட். பெரும்பாலான கிட்டார் ஆம்ப்களில் நடுவில் ரெகுலேட்டர் எதுவும் கிடையாது. பிளக்கில் பத்து சதவீதம் ஏறினால் வால்விலும் பத்து சதவீதம் ஏறும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கொடையில் ராத்திரி பத்தரை இருக்கும். பூஜைக்காக ஆர்ச் லைட்டை மொத்தமாக அணைத்தார்கள். என் ஆம்ப்பில் ஹம் (உறுமல் சத்தம்) பெருத்தது. திரும்பிப் பார்த்தால், பின்பக்கம் இரண்டு பவர் வால்வில் ஒன்றின் தகடு கொல்லன் உலையில் வைத்த இரும்பு மாதிரி சிவந்து நின்றது. இழை ஆரஞ்சாக எரிவது எப்போதும் உள்ளது, விளக்குத் திரி மாதிரி உள்ளே தெரியும். வெளித்தகடே சிவந்தால் வால்வு செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் சுவிட்சுக்குக் கை நீட்டுவதற்குள் ஃபியூஸ் போனது. மீதி ஒன்பது பாட்டுக்கும் கிட்டாரை டிஐ பாக்ஸ் (கிட்டாரை மிக்சருக்குப் பொருத்தும் சின்னப் பெட்டி) வழியாக நேரே மிக்சரில் கொடுத்தேன். தகர டப்பாவுக்குள் கொசு பறந்த மாதிரி இருந்தது. வால்வு ஏற்கெனவே தேய்ந்திருக்கும், பழி முழுவதையும் ஜெனரேட்டர் மேல் போடவும் முடியாது.

மறுநாள் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். அந்தக் காலத்தில் வால்வு ரேடியோ பழுது பார்த்தவர், எழுபது தாண்டிவிட்டது. "கை நடுங்குது தம்பி, சேசிஸை நீ பிடி. கெப்பாசிட்டர்ல விரல வச்சிராத, பிளக்கை உருவின பிறகும் அதுல உயிர் கிடக்கும்" என்றார். ஒரு ரெசிஸ்டர் கருகியிருந்தது, அதை அங்கேயே மாற்றினார். பவர் வால்வை மட்டும் பொருத்தம் பார்த்த ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், போட்ட பிறகு பயாஸ் (வால்வில் சும்மா ஓடும் கரண்டின் அளவு) சரிபார்க்க வேண்டும். ஜோடி 6எல்6 பவர் வால்வு கூரியரில் வந்து சேரப் பதினோரு நாள், செலவு ஏழாயிரத்தை ஒட்டி. நடுவில் இரண்டு புரோகிராம் இரவல் ஆம்ப்பில் ஓடியது. தொடர்ந்து மேடையேறுகிற ஆம்ப்புக்கு ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பவர் வால்வு மாற்றுவது சாதாரணச் செலவு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் காசைவிட அந்தப் பதினோரு நாள்தான் வலித்தது. அண்ணாச்சிக்குப் பிறகு இந்த வேலைக்கு எங்கள் பக்கம் நான் யாரிடம் போவேன்? சென்னையில் இருக்கிறவருக்கு இந்தக் கவலை பாதியாகக் குறையும், அவருக்கு என் முடிவு பொருந்த வேண்டியதில்லை.

கட்டானாவில் வால்வு கிடையாது. வால்வு ஆம்ப்பின் குணத்தை டிஜிட்டலாகப் போட்டுக் காட்டும் வகை. உள்ளே சிப்புகளுக்குக் கரண்டு ரெகுலேட் ஆகித்தான் போகும், அதனால் ஜெனரேட்டரின் சில்லறை ஏற்ற இறக்கம் காதுக்கு வருவதில்லை. வோல்டேஜ் ரொம்ப விழுந்தால் இந்த வகை ஆம்ப் அணைந்து மறுபடி எழும். சில நொடி போகும், ஆனால் சிவந்து சாகிற பாகம் ஒன்றும் இல்லை. கிட்டத்தட்ட 15 கிலோ. பழையது 20-ஐத் தாண்டும். விடிகாலை மூன்று மணிக்குக் குட்டியானையில் ஏற்றும்போது அந்த ஐந்து கிலோ எவ்வளவு என்று இடுப்புக்குத் தெரியும்.

கட்டானாவின் 50 வாட்ஸ் மாடலை விட்டு 100-ஐ எடுத்தது சத்தத்துக்காக இல்லை. 50-ல் ரெக்கார்டிங் அவுட்டும் ஹெட்போனும் ஒரே ஓட்டை. அதில் ஜாக்கைச் செருகினால் ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். 100-ல் லைன் அவுட் தனியாக உண்டு. மைக்செட்காரரிடம் மைக் எப்போதும் ஒன்று குறையும், தபேலாவுக்கு வைத்தது போகக் கிட்டாருக்கு மிஞ்சாது. லைன் அவுட்டில் இருந்து ஒரு ஒயரைக் கையில் கொடுத்துவிட்டால் அவருக்கும் சந்தோஷம், ஸ்பீக்கர் எனக்கு மானிட்டராக மேடையிலேயே பாடிக்கொண்டிருக்கும்.

இழந்தது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். வால்வு ஆம்ப்பில் மெதுவாகத் தட்டினால் கிளீன், கொஞ்சம் அழுத்தினால் ஓரத்தில் ஒரு கசப்பு. வால்யூம் குமிழைத் தொடாமலே விரலால் பேசலாம். கட்டானாவின் கிரஞ்ச் (லேசான கரகரப்பு) அதற்குப் பக்கத்தில் வருகிறது, அதுவாக ஆகவில்லை. கூட்டத்தில் யாரும் இதைக் கவனிப்பதில்லை, வாசிக்கிறவனுக்குத் தெரியும். இன்னொன்று, எட்டு பத்து வருடம் கழித்து இதன் போர்டு போனால் அண்ணாச்சியின் சால்டரிங் அயனால் ஒன்றும் செய்ய முடியாது. நான் வாங்கி ஒரு சீசன்தான் ஆகிறது, அந்தக் கட்டத்தை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

ரோலண்ட் ஜேசி-120, அதாவது ஜாஸ் கோரஸ், 1975-ல் வந்து இன்றும் விற்கிற டிரான்சிஸ்டர் ஆம்ப். 60 வாட்ஸ் வீதம் இரண்டு, இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர். கோரஸ் எஃபெக்டைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் நேர் சத்தம், இன்னொன்றில் அசைகிற சத்தம், இரண்டும் காற்றில் கலக்கும். வாடகைக்கு வந்ததில் மூன்றே மேடைதான் வாசித்திருக்கிறேன். 80-களின் பாட்டுக்கு அதைவிட நல்ல கிளீன் நான் கேட்டதில்லை. டிஸ்டார்ஷனுக்கு, அதாவது கரகரப்புக்கு, காலால் மிதிக்கும் பெடலைத்தான் நம்ப வேண்டும். எடை 28 கிலோ. சொந்த வேனும் தூக்க ஆளும் உள்ள குழுவாக இருந்தால் கட்டானாவைவிட இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஆம்ப்பே வேண்டாம், தரையில் வைக்கிற மாடலரில் (ஆம்ப்பின் சத்தத்தை டிஜிட்டலாகப் போடும் கருவி) இருந்து நேரே மிக்சருக்கு என்று பையன்கள் போகிறார்கள். மானிட்டர் நன்றாக இருக்கிற ஹாலுக்குச் சரி. கொடை மேடையில் மானிட்டர் பாடகருக்கு மட்டும்தான், கிட்டாரிஸ்ட் காற்றைப் பார்த்து வாசிக்க வேண்டியதுதான்.

எதை வாங்கினாலும் ஹம் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடாதீர்கள். கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது லீக் ஆன கரண்டு உங்கள் வழியாகத்தான் போகும். நான் இப்போது மேடையேறியதும் மைக் கிரில்லில் டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் கிட்டாரையே சொருகுகிறேன்.

வால்வு ஆம்ப்பை விற்கவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டு, சூடாகும் வரை காத்திருந்து, அரை மணி நேரம் வாசிக்கிறேன். கீபோர்டுக்காரர் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டு ரெக்கார்டிங்குக்கு அதைக் கேட்டிருக்கிறார். ஸ்டெபிலைசரோடு வந்தால் எடுத்துப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.