தீயணைப்புத் துறைக்கு மருத்துவப் பயிற்சியும் கருவியும் வேண்டுமா: எந்த மானியத்துக்கு எழுதுவது?

அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவை மருத்துவ அவசரம்தான். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கீழே விழுந்த முதியவர், போதை மருந்து அளவு மீறிய கேஸ். பெயரில் தீ இருக்கிறதே தவிர வேலை பெரும்பாலும் மருத்துவம். ஆனால் சின்ன ஊர் தன்னார்வத் துறைகளிடம் இதயத் துடிப்பைக் காட்டும் நல்ல மானிட்டர் ஒன்று வாங்கக் காசிருக்காது, ஆட்களை ஈ.எம்.டி. (அவசர மருத்துவப் பணியாளர்) வகுப்புக்கு அனுப்பவும் வழியிருக்காது. சரி, மானியத்துக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால் எல்லோரும் முதலில் நீட்டுவது, அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா தீயணைப்புத் துறைகளுக்குத் தரும் ஏ.எஃப்.ஜி. மானியத் திட்டத்தைத்தான். அது நல்ல திட்டம்தான், ஆனால் எல்லாத் தேவைக்கும் அதுவே சரி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஏ.எஃப்.ஜி.யின் பெரிய பலம் தொகை. ஒரு லட்சம் பேர் வரை உள்ள பகுதிக்குச் சட்டப்படி 10 லட்சம் டாலர் வரை உச்சவரம்பு. துறை தன் கையிலிருந்து போடவேண்டிய பங்கும் குறைவு: 20,000 பேருக்குள் என்றால் மானியத்தில் 5 சதவீதம், அதற்கு மேல் பத்து லட்சம் பேர் வரை 10, அதையும் தாண்டினால் 15. அதாவது 1,05,000 டாலர் திட்டத்தில் சின்ன ஊர் போடுவது 5,000 மட்டுமே. பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் வகுப்புக் கட்டணத்தோடு, வகுப்பில் இருப்பவருக்குப் பதிலாக ஷிப்டில் நிற்பவரின் ஓவர்டைமையும் கேட்கலாம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் துறைகளில் பயிற்சி தள்ளிப்போவதற்குக் கட்டணத்தைவிட இந்த ஆள் மாற்றும் செலவுதான் பெரும்பாலும் காரணம்.

பலவீனம் காலம். விண்ணப்பக் கதவு வருஷத்துக்கு ஒருமுறைதான் திறக்கும், முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், கையில் உத்தரவு வருமுன் வாங்கிவிட்ட சாமானுக்குப் பணம் கிடையாது. போட்டியும் கடுமை. ஏ.எஃப்.ஜி. நிதியில் அவசர மருத்துவ சேவைக்குச் சட்டம் ஒதுக்கச் சொல்வது குறைந்தது 3.5 சதவீதம். அது கீழ்வரம்புதான், இருந்தாலும் அழைப்புகளின் விகிதத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

விண்ணப்பத்தைப் படிப்பவர்களும் தீயணைப்புத் துறையிலிருந்து வரும் சக வீரர்களே. பணத் தேவை, திட்ட விவரம், செலவுக்கேற்ற பலன், அன்றாடப் பணியில் வரும் மாற்றம் ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அவர்களிடம் "எங்கள் சமூகத்தின் பாதுகாப்பை மேம்படுத்த நவீன கருவி தேவை" என்று எழுதினால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். "பாராமெடிக் (உயர்நிலைப் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர்) ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம், அதுவரை எங்கள் ஆட்கள் முதலுதவித் தகுதியோடு மட்டும் நோயாளி பக்கத்தில் நிற்கிறார்கள், பன்னிரண்டு பேர் ஈ.எம்.டி. ஆனால் எல்லா ஷிப்டிலும் ஒருவர் இருப்பார்" என்று எழுதிப் பாருங்கள், இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கிராமப்புறத் துறை என்றால், மனநலம், போதைப் பழக்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான சாம்சா வழங்கும் கிராமப்புற ஈ.எம்.எஸ். (அவசர மருத்துவ சேவை) பயிற்சி மானியத்தை முதலில் பாருங்கள் என்பேன். 2018 விவசாயச் சட்டத்தோடு வந்தது இது. ஒரு மானியம் 2,00,000 டாலருக்கு மேல் போகாது, நம் பங்கு 10 சதவீதம், அதாவது ஏ.எஃப்.ஜி.யில் சின்ன ஊர் போடுவதைப் போல இரண்டு மடங்கு. ஆனால் இங்கே தீயணைப்புக் குழாயும் சுவாசக் கருவியும் கேட்பவர்களோடு போட்டியில்லை, எல்லோருமே ஈ.எம்.எஸ். கேட்டு வந்தவர்கள். பெயரில் பயிற்சி என்றிருந்தாலும் கருவியும் வாங்கலாம், ஆள் சேர்க்கவும் செலவிடலாம். மனநலம், போதைப் பழக்கம் தொடர்பான அவசரங்களைக் கையாளும் பயிற்சி இந்தத் திட்டத்தின் உயிர்நாடி, அதை ஒப்புக்கு ஒரு வரி சேர்த்தால் தெரிந்துவிடும்.

ஒரேயொரு கருவிதான் வேண்டும் என்றால் அரசுப் பக்கமே போக வேண்டாம். ஃபயர்ஹவுஸ் சப்ஸ் அறக்கட்டளை, முன்னாள் தீயணைப்பு வீரர்களான சகோதரர்கள் இருவர் கத்ரீனா புயலுக்குப் பின் 2005இல் தொடங்கியது, காலாண்டுக்கு ஒருமுறை விண்ணப்பம் வாங்குகிறது. டிஃபிப்ரிலேட்டர் (நின்றுபோகும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி), விபத்து மீட்புக் கருவி மாதிரியானவை அங்கே சகஜம். பங்குத்தொகை கேட்பதில்லை. விண்ணப்ப எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, நிறைந்ததும் மூடிவிடுவார்கள், அதனால் கடைசி நாள் வரை காத்திருக்கும் பழக்கம் இங்கே உதவாது.

ஆம்புலன்ஸே வேண்டும் என்றால் அமெரிக்க வேளாண் துறையான யு.எஸ்.டி.ஏ.வின் கம்யூனிட்டி ஃபெசிலிட்டிஸ் திட்டம். 20,000 பேருக்கு மிகாத ஊர்களுக்கு மட்டும். வருஷம் முழுக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் மானியம் அதிகபட்சம் 75 சதவீதம், அதுவும் மிகச் சிறிய, வருமானம் குறைந்த ஊருக்கு. மற்றவர்களுக்கு அதைவிடக் குறையும், மீதியைக் கடனாக எடுக்கச் சொல்வார்கள். பயிற்சிக்கு இது பயனில்லை.

ஆக என் கணக்கு இப்படி: பயிற்சியை ஏ.எஃப்.ஜி.யிலோ சாம்சாவிலோ கேளுங்கள், தனிக் கருவியை அறக்கட்டளையிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஏ.எஃப்.ஜி. விண்ணப்பத்தில் திணித்தால் கருவிப் பட்டியல் நீண்டு பயிற்சிக்கான நியாயம் அதில் காணாமல் போகிறது.

எந்தப் பக்கம் போனாலும் ஒரு செலவை யாரும் காலம் முழுக்கச் சுமக்க மாட்டார்கள். டிஃபிப்ரிலேட்டரின் மார்பில் ஒட்டும் பேட் உறையைத் திருப்பிப் பாருங்கள், காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். தொடாமலே வைத்திருந்தாலும் மாற்றவேண்டும். பேட்டரி, சர்வீஸ் ஒப்பந்தம், ஈ.எம்.டி. உரிமப் புதுப்பிப்பு எல்லாம் அதே ரகம். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதையாகிவிடக்கூடாது என்றால் அந்தத் தொகையை ஊர் பட்ஜெட்டில் முன்கூட்டியே எழுதி, விண்ணப்பத்திலும் காட்டுங்கள்.

அப்புறம் சேம் டாட் கவ் (SAM.gov) என்ற அரசு இணையதளத்தில் பதிவு. கூட்டாட்சி அரசு மானியம் எதற்கும் இது வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். கடைசி வாரத்தில் காலாவதியானது தெரிந்து திண்டாடுபவர்கள் உண்டு. பதிவு இலவசம், "நாங்கள் செய்து தருகிறோம்" என்று கட்டணம் கேட்டு வரும் மின்னஞ்சலுக்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள்.