ஃபாயில் படகு: தட்டா, வள்ளமா, பரிசலா?

எந்த வடிவப் படகு அதிக நாணயம் தாங்கும் என்று பார்ப்போம். சப்பாத்தி சுற்றும் ஃபாயிலில் 15 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு, ஒரு வாளித் தண்ணீர், பாரத்துக்கு ஐந்து ரூபாய் நாணயங்கள். பித்தளை நிறத்தில் மெல்லிசாக இருக்குமே, 6 கிராம் எடையுள்ள அந்த நாணயம். பழைய தடித்த வெள்ளை ஐந்து ரூபாய் 9 கிராம். அதைக் கலந்தால் கணக்கு குழம்பிவிடும்.

பிள்ளைகள் கையில் கொடுத்தால் முதலில் வருவது வள்ளம்தான். இரண்டு முனையையும் கிள்ளிக் கூராக்கிவிடுவார்கள். பார்க்க அழகு, பாரத்துக்கு உதவாது. முனைகள் அண்ணாந்து நிற்கும், நடுவிளிம்பு தாழ்ந்து கிடக்கும். தண்ணீர் அங்கேதான் முதலில் ஏறும். முனைக்குப் போன ஃபாயில் அத்தனையும் வீண். நாணயங்களும் அடிமடிப்பில் குவியும், ஒன்று சரிந்தால் படகே சரியும். கூர்முனை தண்ணீரைக் கிழித்து ஓடுவதற்கு. இங்கே யாரும் துடுப்புப் போடப் போவதில்லை.

நான்கு பக்கமும் மடித்த தட்டு வேறு ரகம். படகு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அவ்வளவு எடை தாங்கும். ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம். ஆகவே கேள்வி சுவரின் உயரம்தான். 1 சென்டிமீட்டர் மடித்தால் அடிப்பகுதி 13க்கு 13, கொள்ளளவு 169 கன சென்டிமீட்டர். ஃபாயிலின் எடை ஏறத்தாழ ஒரு கிராம், அதைக் கழித்தால் 28 நாணயம். 4 சென்டிமீட்டர் மடித்தால் அடி 7க்கு 7 ஆகச் சுருங்கி, 196. உச்சம் இரண்டுக்கும் நடுவே, 2.5 சென்டிமீட்டரில்: 10 × 10 × 2.5, அதாவது 250. 41 நாணயம்.

ஆனாலும் நான் 2 சென்டிமீட்டர்தான் மடிப்பேன். கொள்ளளவு 242, நாணயம் 40. ஒன்றே ஒன்று குறைகிறது. பதிலுக்கு அடி 11 சென்டிமீட்டர் அகலமாகிறது, சுவரும் குட்டையாக இருப்பதால் எளிதில் வளையாது. மூலையைக் கத்தரிக்கவே கூடாது. காதுபோல நீட்டிக்கொண்டிருப்பதைச் சுவரோடு மடித்து நகத்தால் நீவிவிடுங்கள். ஒழுகாது, சுவருக்கும் முட்டுக்கொடுத்த மாதிரி.

ஒகேனக்கல் பரிசல் போல வட்டமாகச் செய்தால்? விளிம்பு எங்கும் ஒரே உயரம், மூலை என்ற பலவீனமே இல்லை. சதுரத்திலிருந்து வட்டம் வெட்டும்போது நான்கு மூலையும் போய்விடுவதுதான் இழப்பு. 2.5 சென்டிமீட்டர் சுவரோடு 196, அதாவது 32 நாணயம். வள்ளத்தைவிட இதை நம்பலாம், தட்டை எட்டாது.

கடல் தண்ணீர் கொண்டுவந்து மிதக்கவிட்டால் தட்டு இன்னும் ஒரு நாணயம் தாங்கும். உப்பின் கனம் அவ்வளவுதான்.

நாணயங்களை நான்கு மூலைக்கும் மாற்றி மாற்றி, போடாமல் வையுங்கள். கடைசி இரண்டு மூன்று நாணயத்தின்போது குனிந்து விளிம்பின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். தண்ணீர் விளிம்பைவிட மயிரிழை உயரத்தில் தடித்து நிற்கும், உள்ளே வழியாது. அந்த நேரத்தில் ஒரு துளி சோப்புத் தண்ணீர் விட்டால் தடிப்பு தளர்ந்து, தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அதனால் மூன்று படகையும் ஒப்பிடுவதற்கு முன்னால், துணி ஊறவைத்த வாளியாக இருந்தால் இரண்டு தடவை நன்றாக அலசிவிடுங்கள்.