மூணாறா, வால்பாறையா? காடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். நடுவில் ஆனைமுடியும் புல்மலையும் நிற்கின்றன. இந்தப் பக்கம் கோவை மாவட்டத்து வால்பாறை, அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து மூணாறு. ஆனால் குறுக்கே சாலை கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மலையை முழுசாக இறங்கி, உடுமலை, ஆழியாறு என்று சுற்றி, மறுபடி ஏறவேண்டும். 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். "ரெண்டையும் ஒரே லீவில் முடிச்சிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் பாதி லீவைக் காருக்குள்தான் கழிப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? தேயிலையை வைத்து முடியாது, இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் அதுதான். குளிர்தான் முக்கியம் என்றால் மூணாறு: சுமார் 5,000 அடி உயரம், ஜனவரி விடியற்காலையில் சில எஸ்டேட்களில் உறைபனி படியும். வால்பாறை 3,500 அடி, ஸ்வெட்டர் போதும். நான் இங்கே பார்க்கப் போவது வேறு கணக்கு. இரண்டுமே தேசியப் பூங்காவை ஒட்டிய ஊர்கள். மூணாறுக்கு இரவிகுளம், வால்பாறைக்கு ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இந்திரா காந்தி தேசியப் பூங்கா. அந்தக் காட்டை ஊர் நமக்கு எப்படிக் காட்டுகிறது என்பதில் இரண்டும் எதிரெதிர்.

மூணாறில் காட்டுக்கு வாசல் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, நேரம் இருக்கிறது. தோட்டத் துரைமார்கள் வேட்டைக்கென்று வைத்திருந்த மலைப் புல்வெளி, 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. மொத்தம் 97 சதுர கிலோமீட்டர். அதில் நமக்குத் திறந்திருப்பது ராஜமலை என்கிற ஓரம் மட்டும். சொந்த வண்டி வாசலோடு சரி. வனத்துறை பஸ்ஸில் மேலே போய் இறங்கி, தார்ச்சாலையில் நடக்கவேண்டியதுதான். காடு என்று கற்பனை செய்துகொண்டு போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். முன்னால் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலா, பின்னால் செல்ஃபி எடுக்கும் கூட்டம்.

அப்புறம் வரையாடு வரும். அல்லது ஏற்கெனவே அங்கேயே நின்றுகொண்டிருக்கும். மனிதர்களைப் பொருட்படுத்தவே செய்யாது. சாலையோரச் சுவரை ஒட்டி மேயும்போது, பின்னோக்கி வளைந்த கொம்பில் ஓடும் வரிகளை எண்ணிவிடலாம், அவ்வளவு பக்கம். வயதான கிடாய் என்றால் உடம்பு கறுத்து, முதுகில் மட்டும் சேணம் போட்டமாதிரி வெளிறிப்போயிருக்கும். உலகத்திலேயே மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இருக்கிற ஒரு விலங்கு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதைக் கேரளத்தில் போய் ஆறேழு அடி தூரத்தில் பார்க்கிறோம். தொண்ணூறு சதவீதம் நிச்சயமாகப் பார்க்கலாம் என்று சொல்லக்கூடிய காட்டு விலங்குகள் நம் ஊர்ப்பக்கம் அதிகம் இல்லை. இந்த ஒன்றுக்காகவே மூணாறின் டிராஃபிக்கை மன்னிக்கலாம்.

டிராஃபிக் என்று சும்மா சொல்லவில்லை. விடுமுறை நாட்களில் டவுனைத் தாண்டுவதே ஒரு வேலை. மாட்டுப்பெட்டி அணை, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று எல்லா டிரைவர்களும் ஒரே வரிசையில் கூட்டிப்போவார்கள்; எல்லா நிறுத்தத்திலும் அதே கார்கள், அதே சோளக்கதிர். என்னைக் கேட்டால் அந்த நாளை மறையூர், சின்னாறு சாலைக்குக் கொடுப்பேன். மலை இறங்க இறங்கப் பச்சை குறைந்து, மறையூர்ச் சந்தனக் காட்டின் கம்பிவேலியைத் தாண்டினால், மழைமறைவுப் பகுதியின் முட்காடு ஆரம்பித்துவிடும். ஒரே சாலையில் இரண்டு வேறு நிலங்கள். சின்னாறில் நரை அணில் இருக்கிறது. பொறுமை இருந்தால் கிடைக்கும்.

வால்பாறையில் வாசலே கிடையாது. ஊர்தான் காட்டுக்குள் இருக்கிறது. ஆழியாறு செக்போஸ்ட்டிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையில் எல்லோரும் ஆழியாறு அணையைப் போட்டோ எடுப்பார்கள். நீங்கள் திரும்பிப் பாறைச் சரிவைப் பாருங்கள். அதே வரையாடு, டிக்கெட் இல்லாமல். நிற்கும் என்று உத்தரவாதம் மட்டும் இல்லை.

மேலே போனால் எஸ்டேட்களுக்கு நடுவில் துண்டு துண்டாக மழைக்காடு மிஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுகளில்தான் வால்பாறையின் உயிரே இருக்கிறது. ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அவை மரத்தை விட்டு இறங்காமல் கடக்கட்டும் என்று மேலே குறுக்காகப் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரியோடு ஒன்று, குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு இன்னொன்று, வரிசையாகப் போகும். சில சமயம் பாலத்தை மதிக்காமல் சாலையிலேயே இறங்கி நடக்கும். அங்கே வண்டியை மெதுவாக விடவேண்டும், தின்ன எதுவும் நீட்டக் கூடாது. தேயிலைச் சரிவில் காட்டுமாடு, தலைக்கு மேலே ரயில் எஞ்சின்போல் சிறகு இரைய இருவாச்சி. எல்லாமே கிடைக்கலாம், எதுவுமே கிடைக்காமலும் போகலாம். ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். "வால்பாறையில என்ன இருக்கு?" என்று கேட்பவர்களில் பலர் அப்படிப் போய்வந்தவர்கள்.

யானை விஷயம் தனி. எஸ்டேட் தொழிலாளர்களும் யானைகளும் ஒரே தடத்தில் நடக்கிற ஊர் இது. யானை எங்கே நிற்கிறது என்று மொபைலில் தகவல் அனுப்புகிற ஏற்பாடு இருக்கிறது. சில இடங்களில் சாலையோரத்தில் சிவப்பு விளக்கும் எரியும். அந்த விளக்கைப் பார்த்து "எங்க, எங்க" என்று வண்டியைத் திருப்பாதீர்கள். அது அங்கே வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்காக எரிகிறது. சிறுத்தையும் உண்டு, லயங்கள் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் உண்டு. இருட்டிய பிறகு வாக்கிங் வேண்டாம் என்று விடுதிக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கூழாங்கல் ஆற்றிலும் அப்படித்தான்: பார்க்க முழங்கால் ஆழம், உள்ளே வழுக்கும் பாறை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். புல்மலை என்று படங்களில் மயக்கும் அக்காமலைப் பகுதி தேசியப் பூங்காவின் பகுதி. சாதாரணமாக நம்மை விடமாட்டார்கள். வனத்துறை வண்டியில் சஃபாரி போகிற டாப்ஸ்லிப், வால்பாறை இல்லை. அதற்குச் சேத்துமடை வழியாக ஏறவேண்டும், தனி நாள்.

வசதி என்று வந்தால் மூணாறு வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஹோம்ஸ்டேயிலிருந்து ரிசார்ட் வரை எந்த பட்ஜெட்டுக்கும் அறை கிடைக்கும், சாப்பாட்டுக்கும் குறை இல்லை, கடைத்தெருவில் பாதிப் பேர் தமிழ்தான் பேசுவார்கள். வால்பாறையில் டவுன் லாட்ஜ்கள், கொஞ்சம் ஹோம்ஸ்டேக்கள், பழைய எஸ்டேட் பங்களாக்கள் சில. ராத்திரி ஒன்பதுக்கு ஊர் அடங்கிவிடும். பொள்ளாச்சியிலிருந்து பஸ் தாராளமாக உண்டு. வளைவில் வாந்தி எடுக்கிற ஆள் கூட இருந்தால் முன்சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேனிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் போடிமெட்டு வழியாக மூணாறுதான் கிட்டே. 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கு இ-பாஸ் எடுக்கவேண்டும். மூணாறுக்கு அந்த வேலை இல்லை, ஆனால் ராஜமலை டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்காவிட்டால் வரிசையில் வெயில் காயவேண்டியிருக்கும்.

தென்மேற்குப் பருவமழைக்காலத்தில் இரண்டுமே வேண்டாம் என்பேன். வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை கொட்டுகிற இடங்களில் ஒன்று. அட்டைக்கடியைப் பொறுத்துக்கொள்ளலாம், மண்சரிவை முடியாது. 2020 ஆகஸ்டில் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் லயங்கள் மீது மலை சரிந்து 70 பேர் போனார்கள். குறிஞ்சிக்காகக் காத்திருப்பவர்கள் மூணாறைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், அதில் பேச்சே இல்லை. கடைசியாக 2018-ல் பூத்தது, அடுத்தது 2030.

தாத்தா பாட்டி, சின்னப் பிள்ளைகள், கையில் இரண்டே நாள் என்றால் மூணாறு. பிள்ளைகள் ஒரு விலங்கையாவது பார்க்காமல் திரும்பமாட்டார்கள். மூன்று இரவு ஒரே அறையில் தங்கி, காலை ஆறு மணிக்கு எழுந்து சாலையோரத்தில் சும்மா நிற்கிற ஆள் என்றால் வால்பாறை. என் ஓட்டும் அதற்குத்தான். பிப்ரவரி, மார்ச்சில் கிளம்புகிறவர்களுக்கு இந்த யோசனையே தேவைப்படாது. வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று ராஜமலையை வழக்கமாக மூடிவிடுவார்கள். பேசாமல் பொள்ளாச்சி பஸ் ஏறுங்கள்.